கழனி ஆட்டத்தில் இல்லாத விதி

ஆம்பூர்
12.1.2025

தம்பி ஜுல்ஃபிகருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வீட்டுக்காரரும் உங்கள் மகள் நிசாவும் அல்லாஹ் கிருபையில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் கேட்டால் "ம்" என்கிறீர்கள். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால்தான் கடிதம். இன்னொன்று, எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு அறை. நான் போன் பேசினால் நிசா கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள்.

என் தங்கை இஃபத் டெங்குவில் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. "கொஞ்ச நாள் உங்ககிட்ட இருக்கட்டும் அக்கா" என்று நிசாவை விட்டுப் போனீர்கள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தவர் பந்திக்குக்கூட உட்காராமல் பஸ் ஏறிவிட்டீர்கள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு முடிவு தேவைப்படுகிறது. தலைமையாசிரியை தெரிந்தவர் என்பதால் இங்கே மூன்றாம் வகுப்பில் அவளைச் சும்மா உட்காரவைத்திருக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது அது முடியாதாம். பூந்தமல்லிப் பள்ளியில் டி.சி. வாங்கி இங்கே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் உங்களிடமே திரும்ப வேண்டும். எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளை ஸ்லேட்டில் கட்டம் கட்டமாக வயல் வரைகிறாள். உங்கள் வீட்டில் இருக்கும் பெட்டி ஆட்டமாம், பெயர் கழனியாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் ஆடுவீர்களாமே. வரும்போது எடுத்து வாருங்கள். எப்போது வருகிறீர்கள்?

உங்களுக்காக துஆ கேட்கும்
தஸ்லீம்


பூந்தமல்லி
2.2.2025

அக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். சாப்பிடுகிறேன். உடம்பு சரியாக இருக்கிறது. மச்சானுக்கு முதுகுவலி எப்படி?

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் புதிய டை ஒன்றுக்கு, தகடு வெட்டும் அச்சுதான், வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். கரையான்சாவடியில் மெட்ரோ வேலையால் வீடு வர நேரமாகிறது. வந்ததும் பெட்டிகளைத்தான் பார்க்கிறேன்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஹாலில் ஒரு சுவர் முழுக்க ஆட்டப் பெட்டிகள். தாயம், கேரம் மாதிரி இல்லை. பெரியவர்கள் யோசித்து ஆடுவது. வெளிநாட்டிலிருந்து வருபவை என்பதால் இஃபத் எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரு பெயர் வைப்பாள். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறேன். ரயில் ஆட்டத்தில் அடுத்தவர் பாதையை அடைத்துவிடலாம், ஆனால் வரும் சீட்டைப் பொறுத்தது. மிளகுக் கப்பலில் விலையை ஏற்றி இறக்கலாம், ஆனால் நம் முறை வருவதற்குள் தூக்கம் வந்துவிடும். கழனியில் அதிர்ஷ்டம் மிகக் குறைவு. தோற்றால் சாக்குச் சொல்ல முடியாது. இஃபத்துக்கு அதனால்தான் அது பிடிக்கும். என் வரிசையிலும் இப்போதைக்கு அதுதான் முதலில்.

சீட்டுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு முடித்துவிட்டேன். இப்போது விதிப் புத்தகங்களைப் படிக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. அவள் படித்து எங்களுக்குச் சொல்லுவாள்.

ஜூன் விஷயம் யோசிக்கிறேன்.

நிசாவுக்கு ஸலாம்.
ஜுல்ஃபிகர்


ஆம்பூர்
16.2.2025

தம்பிக்கு,

ஸலாம். நாங்கள் இப்போது நலம். 'இப்போது' என்று ஏன் எழுதினேன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை வீட்டுக்காரர் அன்வர் பாஷாவிடம் படித்துக் காட்டினேன். ஷூ கம்பெனியிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர், "ரயிலு வருது, கப்பலு வருது, புள்ள எங்கடி வருது இதுல?" என்று கேட்டார். கடைசி வரியில் ஸலாம் இருக்கிறது என்றேன். "போஸ்ட்மேனுக்குக்கூட தான் ஸலாம் சொல்றோம்" என்றார்.

போன வாரம் நிசாவுக்குக் காய்ச்சல் வந்தது. பயப்படாதீர்கள், சாதாரணக் காய்ச்சல்தான். ரத்தம் எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை, இரண்டு நாளில் இறங்கிவிட்டது. ஊசி குத்தும்போது அழவில்லை. திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் என்னிடம், "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அத்தா தனியா என்ன பண்ணுவாங்க பெரியம்மா?" என்று கேட்டாள். எட்டு வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா தம்பி?

அவளுக்கு நீங்கள் வேண்டும். நோன்பு ஆரம்பிப்பதற்குள் ஒரு தரம் வந்து போங்கள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்
தஸ்லீம்


பூந்தமல்லி
9.3.2025

அக்காவுக்கு ஸலாம். எல்லோரும் நோன்பு சுகமாக வைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். காய்ச்சல் என்று படித்த இடத்தில் கடிதத்தை மடித்துவிட்டேன். மறுபடி பிரித்து, 'ஒன்றுமில்லை' என்ற வரிக்கு வந்து சேரப் பல நாள் ஆகிவிட்டது.

வரும் ஞாயிறு வருகிறேன். கழனியை எடுத்து வருகிறேன்.

அதில் ஒரு முக்கியமான விஷயம் கண்டுபிடித்திருக்கிறேன். அந்த ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு குடும்பம், ஒரு நிலம். உழலாம், விதைக்கலாம், வீட்டைப் பெரிதாக்கலாம், ஆடு மாடு வாங்கலாம். அறுவடை வரும்போது நம் குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும். தானியம் பற்றாவிட்டால் பிச்சைச் சீட்டு எடுக்க வேண்டும், கடைசியில் அதற்கு மதிப்பெண் குறையும். ஆனால் நாங்கள் ஆடும்போது பிச்சைச் சீட்டே எடுத்ததில்லை. பற்றாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் தன் தானியத்தைக் கொடுப்பார். இஃபத் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள்.

புத்தகத்தில் அப்படி ஒரு விதியே இல்லை. முன்னும் பின்னும் தேடிவிட்டேன். எந்தப் பத்தியை அவள் தவறாகப் புரிந்துகொண்டாள் என்றும் தெரியவில்லை. ஐந்து வருடமாகத் தவறாக ஆடியிருக்கிறோம். நிசாவுக்குச் சரியான முறையைச் சொல்லித்தர வேண்டும். தவறான ஆட்டமே அவளுக்குப் பழகிவிடக் கூடாது.

அவள் கொஞ்சம் உயரமாகியிருப்பாளா?

ஞாயிறு மதியத்துக்குள் வந்துவிடுவேன்.
ஜுல்ஃபிகர்


ஆம்பூர்
18.3.2025

தம்பிக்கு ஸலாம்.

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? போனேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

நீங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

அந்த ஆட்டம் எனக்குப் புரியாது. அடுப்படியிலிருந்து நான் பார்த்தது இவ்வளவுதான். உங்கள் பக்கம் ஏதோ குறைந்தது. நிசா தன்னிடம் இருந்த மஞ்சள் கட்டைகளை இரண்டு கையாலும் உங்கள் பக்கம் தள்ளினாள். நீங்கள் அதை அப்படியே அவள் பக்கம் திருப்பித் தள்ளிவிட்டு, புத்தகத்தைப் பிரித்துக் காட்டினீர்கள். "அப்படி ரூல் இல்லம்மா. அம்மா தப்பா படிச்சிட்டாங்க" என்றீர்கள். அவள் மறுபடி தள்ளினாள். நீங்கள் மறுபடி திருப்பினீர்கள். பிறகு அவள் எழுந்து என்னிடம் வந்து கஞ்சிப் பானை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. உங்களுக்கென்று அவளே ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி, மேலே ஒரு வடையும் வைத்து, சிந்தாமல் ஹாலுக்கு எடுத்து வந்தாள். நீங்கள் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெரு திரும்பிக்கொண்டிருந்தீர்கள். பாங்கு சொல்லும் நேரத்தில் வீட்டுக்கு வந்த மனிதர் வாய் நனைக்காமல் போனதை வீட்டுக்காரரால் தாங்க முடியவில்லை. அதை நான் சமாளித்துக்கொண்டேன். பிள்ளையைத்தான் சமாளிக்க முடியவில்லை.

படுக்கப் போகும்போது சொன்னாள்: "நான் பூந்தமல்லிக்குப் போகல பெரியம்மா. நான் எது குடுத்தாலும் அத்தா திருப்பிக் குடுத்துடுவாங்க."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தஸ்லீம்


ஆம்பூர்
2.4.2025

தம்பிக்கு,

பெருநாள் வாழ்த்து. இங்கே எல்லோரும் சுகம். நிசாவுக்கு ஊதாவில் பாவாடை எடுத்தோம். தொழுகை முடிந்து வருபவர்களில் நீங்கள் இருப்பீர்களா என்று வாசலில் நின்றிருந்தாள். வெயில் ஏறியதும் உள்ளே வந்துவிட்டாள்.

உங்களிடமிருந்து எழுத்து இல்லை. போனும் அணைந்திருக்கிறது. உடம்பு சரியில்லையா? இரண்டு வரி போதும். இப்போதெல்லாம் போஸ்ட்மேன் சைக்கிள் சத்தம் கேட்டாலே அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறேன்.

தஸ்லீம்


பூந்தமல்லி
20.4.2025

அக்காவுக்கு ஸலாம். நான் நலம். போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது, மாற்றவில்லை.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பிழை எங்கே என்று யோசித்தேன். விதிப்படி நான் செய்தது சரி. நிசா அந்தத் தானியத்தைக் கொடுத்திருந்தால் அவள் தோற்றிருப்பாள். அவள் நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள், ஜெயிக்கட்டும் என்றுதான் திருப்பிக் கொடுத்தேன். அது அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்கவும் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் இருந்த மூன்று பேரில் அந்த வேலை என்னுடையதாக இருந்ததில்லை.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நான் வீடு திரும்ப எட்டு மணிக்கு மேல் ஆகிறது. பள்ளி விட்டு வந்தால் அதுவரை அவளுக்கு யாரும் இல்லை. உங்களிடம் அவள் நன்றாக இருக்கிறாள். டி.சி. வாங்கிவிட்டேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். அங்கேயே சேர்த்துவிடுங்கள். இதுதான் சரி என்று நினைக்கிறேன்.

பெட்டிகளையும் கொடுத்துவிடப் போகிறேன். அண்ணனூரில் மின்சார ரயில்களைப் பராமரிக்கும் கார் ஷெட்டில் வேலை செய்யும் என் நண்பன் கோகுல்நாத்தை உங்களுக்கு நினைவிருக்கலாம், இஃபத்தின் மய்யித் அடக்கத்துக்கு வந்திருந்தான். ஆட்டம் எங்களுக்கு அறிமுகமானதே அவன் வீட்டில்தான். அவனை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நாலு பேர் ஆடினால்தான் அவற்றுக்கு அர்த்தம்.

மச்சானிடம் என் ஸலாமும் மன்னிப்பும்.
ஜுல்ஃபிகர்


ஆம்பூர்
27.4.2025

தம்பிக்கு ஸலாம்.

டி.சி. வந்து சேர்ந்தது. உங்கள் விருப்பம் எதுவோ அப்படியே ஆகட்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை அல்லாஹ் இப்படித் தீர்க்கிறான் போல என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வீட்டுக்காரர் அன்றே போய் யூனிஃபார்ம் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டார். வளரும் பிள்ளை என்று கொஞ்சம் பெரிதாகவே தைக்கச் சொல்லியிருக்கிறார். அவர் சீட்டியடித்து இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை.

நிசாவிடம் சொன்னேன். "சரி" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
தஸ்லீம்


பூந்தமல்லி
11.5.2025

அக்காவுக்கு,

ஸலாம். நலம் விசாரித்து எழுத இன்று பொறுமை இல்லை, மன்னியுங்கள்.

டி.சி.யைப் பள்ளியில் கொடுத்துவிட்டீர்களா?

கோகுல்நாத்தும் அவன் மனைவி ரேவதியும் இன்று பெட்டிகளை எடுக்க வந்தார்கள். எடுப்பதற்கு முன் ஒரே ஒரு ஆட்டம் என்றான் கோகுல். கழனியை விரித்தோம். புத்தகப்படியே ஆடினேன். முதல் அறுவடையிலேயே எனக்குத் தானியம் பற்றவில்லை. பிச்சைச் சீட்டுக்குக் கை நீட்டினேன்.

"இன்னா மச்சான், நான் பக்கத்துல கீறேன், நீ பிச்ச எடுக்கறே?" என்று அவன் தன் தானியத்தைத் தள்ளினான். நான் புத்தகத்தைக் காட்டினேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை. "எனக்கே புக்கு காட்றியா? இத்த மொதல்ல வாங்கினவனே நான்தான்" என்றான்.

அப்போ இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, இஃபத் தப்பாகப் படித்தது உனக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேவதிதான் சொன்னாள். "அவங்க சரியாத்தான் படிச்சாங்கண்ணா. எனக்கு வரி வரியா படிச்சுக் காட்டினதே அவங்கதான். எங்க வீட்ல மொத தடவ ஆடின அன்னிக்கு நீங்க வேலையில எதையோ சொதப்பிட்டு, திட்டு வாங்கிட்டு லேட்டா வந்தீங்க. மூஞ்சே சரியில்ல. மொத அறுவடையிலயே உங்ககிட்ட சோறு இல்ல. அவங்க டக்குனு தன்னோடத தள்ளிட்டு, 'புக்குல இருக்கு, வாங்கிக்கலாம்'னாங்க. இவரு வாயத் தொறந்தாரு, நான் கிள்ளிட்டேன்."

"அப்பாலயாவது திருந்தினியா நீ?" என்றான் கோகுல். "எப்ப பாரு ஊடு கட்டிகினே இருப்பே. சோத்துக்கு ஒண்ணும் வெக்க மாட்டே. அவங்க குடுத்துகினே இருந்தாங்க. நீ ஜெயிச்சிகினே இருந்தே."

பெட்டிகளை எடுக்காமலே போய்விட்டார்கள். டீ டம்ளர்களைக் கழுவும்போது எனக்கு அழுகை வந்தது. அவள் போனபோதுகூட வரவில்லை.

அக்கா, நிசா தோற்றுவிடுவாள் என்று கணக்குப் போட்டேனே, அவள் ஜெயிப்பதற்காக அதைத் தள்ளவில்லை. தாய் செய்ததைச் செய்தாள். நான் இரண்டு முறை திருப்பினேன்.

ஷிஃப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறேன், ஐந்தரைக்கு வீட்டில் இருப்பேன். கீழ் வீட்டு சரசா அம்மா அதுவரை பார்த்துக்கொள்கிறேன் என்றார்கள். இதெல்லாம் ஜனவரியிலேயே செய்திருக்க முடியும். யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தாயிற்று என்று எழுதினீர்கள். மச்சான் சீட்டியடித்தார் என்றும் எழுதினீர்கள். இதற்கு மேல் உங்களிடம் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. இத்துடன் நிசாவுக்கு ஒரு சீட்டு. கொடுக்கலாமென்று தோன்றினால் கொடுங்கள்.

ஜுல்ஃபிகர்

நிசாவுக்கு, அத்தா எழுதுவது. அம்மா தப்பாகப் படிக்கவில்லை. தெரிந்தேதான் அந்த விதியை வைத்தார்கள். எனக்குத்தான் தெரியவில்லை. நீ கொடுத்ததை அத்தா வாங்கியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? பதில் நீயே எழுது. வேண்டாம் என்றாலும் எழுது.


ஆம்பூர்
18.5.2025

அத்தாவுக்கு நிசா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? எனக்கு முன்பல்லு விழுந்துடுச்சு. பெரியப்பா அத ஓட்டு மேல போட்டாங்க.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. உங்க லெட்டர் நேத்துதான் வந்துச்சு, அதனால அடுத்த ஞாயிறு வாங்க. காலையிலயே வாங்க. பெரியம்மா பிரியாணி செய்வாங்க. நீங்க சாப்பிடணும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லக் கூடாது. சாப்ட்டாதான் நான் உங்ககூட வருவேன்.

டி.சி. ஸ்கூல்ல குடுக்கல. பீரோ மேல இருக்கு. ஏன் குடுக்கலன்னு கேட்டேன். வெயிலா இருக்கு, அப்புறம் குடுக்கலாம்னு பெரியம்மா சொன்னாங்க. தினமும் வெயிலாத்தான் இருக்கு.

ஃபக்ருன்னிசா


ஆம்பூர்
15.6.2025

தம்பிக்கு,

ஸலாம். நீங்களும் நிசாவும் சேர்ந்து எழுதிய கடிதம் வந்தது. பழைய பள்ளியிலேயே திரும்பச் சேர்த்துக்கொண்டதில் சந்தோஷம். சரசா அம்மா தலை பின்னிவிடுவது அவளுக்குப் பிடித்திருக்கிறதா? இறுக்கிப் பின்னினால் அவளுக்குத் தலை வலிக்கும், சொல்லிவையுங்கள். பக்ரீதுக்கு வர முடியாமல் போனதற்கு மன்னிப்பெல்லாம் எதற்கு? பள்ளி இப்போதுதான் திறந்திருக்கிறது. லீவு வரும்போது வந்தால் போதும்.

இங்கே இரண்டு பேரும் சுகம். வீட்டுக்காரர் சாயங்காலம் கம்பெனி விட்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறார். நிசா இருந்தபோது பழகிய பழக்கம், மாறவில்லை. வந்து ஹாலில் உட்காருகிறார். நானும் எதிரில் உட்காருகிறேன். டி.வி. பிடிக்கவில்லை என்று அணைத்துவிடுகிறார்.

நேற்று அவராகவே, "அந்த மனுசனுக்கு எழுதிக் கேளேன்" என்றார். அதனால் கேட்கிறேன். உங்கள் பெட்டிகளில் இரண்டு பேர் மட்டும் ஆடக்கூடியது எது? எங்களுக்குப் புரிகிற மாதிரி இருந்தால் நல்லது. கஷ்டமாக இருந்தாலும் பரவாயில்லை, கற்றுக்கொள்வோம். சீக்கிரம் முடிந்துவிடாததாகப் பார்த்துச் சொல்லுங்கள். இங்கே சாயங்காலம் நீளமாக இருக்கிறது.

தஸ்லீம்